கோட்கர் மலையின் பழத்தோட்டக்காரர்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வேற்றூர் சேர்ந்தவர் உள்ளத்தில் ஒரு வினா என்றும் இருந்துகொண்டே இருக்கும். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஓர் ஊர் நம்முடைய ஊராகும்? குடும்ப அட்டையில் பெயர் ஏறிவிட்டால் போதுமா? சொந்த வீடு அமைந்துவிட்டால் போதுமா? பிள்ளைகள் அவ்வூர் மொழியைத் தாய்மொழிபோற் பேசத் தொடங்கிவிட்டால் போதுமா? வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்வினா எழாத வீடு இல்லை எனலாம். பணி ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போது அது இன்னும் உரத்து எழும். ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று கணவனும் மனைவியும் இரவெல்லாம் பேசி, முடிவு காணாமலே உறங்கிப் போவதுண்டு.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை வரலாறு ஒன்று தலைநகருக்கு வடக்கே, இமயமலைச் சாரலில் கிடைக்கின்றது. அமெரிக்க நாட்டில் செல்வக் குடியில் பிறந்து, இருபத்தொன்றாம் வயதில் இந்தியா வந்து, சிம்லாவுக்கு அப்பால் ஒரு மலைச் சிற்றூரில் நிலம் வாங்கிப் பழமரம் வைத்து, அவ்வூராருள் ஒருவராகவே வாழ்ந்து மறைந்த சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ் என்பாரின் வரலாறு அது. பிற்காலத்தில் அவர் சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனார். இமாசலத்துக்கு ஆப்பிள் தந்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அது அவர் வரலாற்றில் ஒரு பாதியே. அம்மலை மக்களோடு சேர்ந்து அவர் எதிர்த்து நின்ற கொடுமையையும் அறிந்தால்தான் அவர் நட்ட மரத்தின் பொருள் முழுமையாக விளங்கும்.

மலையும் மக்களும்

சிம்லாவிலிருந்து நார்க்கண்டா வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால், சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் மலைப்பகுதியில் கோட்கர், தானேதார் என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், 1850இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான்–திபெத்து சாலை இப்பகுதியின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. கால்காவிலிருந்து சிம்லா வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது 1903இல்தான். சிம்லாவுக்கு அப்பால் பொருள்கள் செல்ல வேண்டுமாயின் கோவேறு கழுதையின் முதுகும் மனிதனின் முதுகுமே வழி.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சிறு வயல்களில் கோதுமையும் பார்லியும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விளைந்தன. குடும்பத்தின் உணவுக்கே அவை போதாத ஆண்டுகள் பல. குறையை நிரப்ப வட்டிக்கடைக்காரரை நாடுவதும், வாங்கிய கடனுக்கு நிலத்தையே ஈடாக இழப்பதும் அங்கு வழக்கமாயிருந்தன. சுற்றிலும் மலைச் சிற்றரசுகள் இருக்க, கோட்கர் மட்டும் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கிறித்தவச் சமயத் தொண்டர்கள் 1840களிலேயே அங்கு ஒரு நிலையம் அமைத்திருந்தனர். ஸ்டோக்ஸ் அம்மலைக்கு வந்து சேர அந்நிலையமே வாயிலாயிற்று.

பிலடெல்பியாவிலிருந்து வந்த இளைஞர்

ஸ்டோக்ஸ் 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்த குடும்பம் அது. தந்தையார் மின்தூக்கி முதலிய இயந்திரங்கள் செய்யும் தொழிலில் பொருளீட்டியவர். மகனும் அத்தொழிலையே ஏற்பான் என அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். மகனுடைய நெஞ்சமோ வேறு திசையில் சென்றது. தொழுநோயாளருக்குப் பணிசெய்யும் மருத்துவர் ஒருவரோடு அவர் 1904ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பலேறிப் பம்பாய் வந்து இறங்கினார். சிம்லா மலையடிவாரத்திலுள்ள சபாத்து என்னும் ஊரின் தொழுநோயாளர் இல்லத்தில் அவருடைய பணி தொடங்கியது.

மறு ஆண்டு, 1905 ஏப்ரல் 4ஆம் நாள், காங்கடா பள்ளத்தாக்கைப் பெருநிலநடுக்கம் ஒன்று தாக்கியது. ஏறத்தாழ 20,000 மக்கள் மாண்டனர். ஸ்டோக்ஸ் அங்கு சென்று துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். இந்தியாவின் எளிய மக்களை அவர் நேருக்கு நேர் அறிந்தது அப்போதுதான் எனலாம். அதன்பின் கோட்கர் மலையை அடைந்தவர் அந்நிலத்தின்மீது பற்றுக்கொண்டார்.

சில ஆண்டுகள் அவர் துறவியாகவே வாழ்ந்தார். நீண்ட அங்கி அணிந்து, கம்பளியொன்றும் பாத்திரமொன்றுமே உடைமையாகக் கொண்டு, ஊர்தோறும் நடந்தார். நோயுற்றோருக்குத் தொண்டு செய்தார். பஞ்சாபின் புகழ்பெற்ற கிறித்தவத் துறவி சாது சுந்தர்சிங் சில காலம் அவருக்குத் துணையாயிருந்தார். தீனபந்து சி. எஃப். ஆண்ட்ரூஸ் அவருக்கு உற்ற நண்பர். ஏழையரைப்போல் வாழும் துறவியர் கூட்டம் ஒன்றையும் ஸ்டோக்ஸ் தோற்றுவித்தார்.

வேறொருவராயின் இந்நிலையிலேயே மனநிறைவு கொண்டிருப்பர். மக்கள் வணங்குகின்றனர், வெளிநாட்டில் புகழ் பரவுகின்றது, தொண்டும் நடக்கின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஸ்டோக்ஸுக்கு அது போதவில்லை. வணங்கப்படுபவர் வணங்குவோருள் ஒருவராதல் அரிது. துறவி எத்துணை எளியவராயினும் அவருக்கு அறுவடைக் கவலை இல்லை. மகளுக்கு மணம் முடிக்கும் கவலை இல்லை. வட்டிக்கடைக்காரரின் அழைப்பு இல்லை. மலைமக்களின் வாழ்வு முழுவதும் அக்கவலைகளால் ஆனது. அவற்றுள் ஒன்றையும் தாங்காதவர் எவ்வளவு நெருங்கி நின்றாலும் விருந்தினரேயாவர். 1911இல் அவர் துறவுக் கூட்டத்தை விட்டு வெளியேறியதன் உட்பொருள் இதுவே என நாம் கருதுகின்றோம்.

இல்லறமும் நிலமும்

1912ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஸ்டோக்ஸ் கோட்கர்ப் பகுதியைச் சேர்ந்த ஆக்னஸ் என்னும் பெண்ணை மணந்துகொண்டார். இராசபுத்திர மரபில் தோன்றிக் கிறித்தவரான ஒருவரின் மகள் அவ்வம்மையார். வெள்ளையர் ஒருவர் மலைச்சிற்றூர்ப் பெண்ணை முறையாக மணந்து, அவ்வூரிலேயே குடித்தனம் நடத்துவது அக்கால ஆட்சியாளர் சமுதாயத்தில் மதிப்புக்குரிய செயலாகக் கருதப்படவில்லை. அதனை அவர் பொருட்படுத்தவும் இல்லை. அவ்விணையர்க்கு மக்கள் எழுவர் பிறந்தனர்.

குடும்பப் பணத்தைக் கொண்டு தானேதாருக்கு அருகே பாரோபாக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் வாங்கினார். முன்னர்த் தேயிலைத் தோட்டமாக இருந்த நிலம் அது. அங்கு மலைநாட்டுக் கட்டட முறையும் மேனாட்டு முறையும் கலந்த வீடொன்றைக் கட்டினார். தொடக்கத்தில் கோதுமை, பார்லி, காய்கறி முதலியவற்றையே பயிரிட்டார். உழவனாகிய பின்னரே அம்மலையின் உண்மைத் துன்பம் அவருக்கு விளங்கிற்று. எவ்வளவு பாடுபட்டாலும் தானிய விளைச்சலைக் கொண்டு அம்மக்கள் கடனிலிருந்து மீள வழியில்லை. கீழ்நாட்டில் விளையாத பொருளொன்று மலையில் விளைந்து, கீழ்நாட்டு மக்கள் அதற்குப் பணம் தந்தாலன்றி மலைக்கு உய்வு இல்லை.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இவை எளியவை அல்லவா என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 200 ஏக்கர் வாங்கவும், விளைவுக்காகப் பத்தாண்டு காத்திருக்கவும் எல்லோராலும் இயலாது. ஆயின் பணமுள்ளோர் பலர் சிம்லா மலைகளில் நிலம் வாங்கினர், மாளிகை கட்டினர், கோடையில் வந்து குளிர்காலத்தில் சென்றனர். பணம் நிலத்தைத் தரும்; ஊரைத் தராது. ஊரைப் பெற ஸ்டோக்ஸ் வேறு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒரு மரத்தின் கதை

இமாசல மலைகளில் ஆப்பிள் மரத்தை முதன்முதல் நட்டவர் ஸ்டோக்ஸ் அல்லர். குலு பள்ளத்தாக்கிலுள்ள பந்த்ரோல் என்னுமிடத்தில் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் 1870இலேயே பழத்தோட்டம் வைத்தார். சிம்லாவுக்கு அருகே மஷோப்ராவில் அலெக்சாண்டர் கூட்ஸ் என்பவர் 1887இல் மற்றொன்று அமைத்தார். அவர்கள் கொணர்ந்தவை பெரும்பாலும் புளிப்பேறிய ஆங்கில வகைகள். ஆங்கிலேயர் அவற்றைச் சமைத்தும் உண்பர். இனிப்பை நாடும் நம் நாட்டவர் நாவுக்கு அவை ஏற்கவில்லை. எனவே அத்தோட்டங்கள் வெள்ளையர் மேசைக்குப் பயன்பட்ட அளவு மலைமக்களின் வாழ்வுக்குப் பயன்படவில்லை.

ஸ்டோக்ஸ் தேர்ந்தெடுத்தது ரெட் டெலிஷியஸ் என்று இன்று வழங்கும் வகை. அதன் பிறப்பே சுவையானது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸி ஹயட் என்னும் உழவரின் தோட்டத்தில், 1870களில், வரிசைக்கு வெளியே தானாக முளைத்த கன்று ஒன்று நின்றது. அவர் அதனை வெட்டினார், மீண்டும் துளிர்த்தது. மறுபடியும் வெட்டினார், மறுபடியும் துளிர்த்தது. இத்துணை வாழ விரும்பும் செடியை வாழவிடுவோம் என்று அவர் விட்டுவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் அம்மரம் காய்த்தபோது அதன் இனிமை கண்டு வியந்தனர். மிஸூரி மாநிலத்தின் ஸ்டார்க் சகோதரர் நாற்றுப்பண்ணையினர் 1890களில் அதன் உரிமையை வாங்கி, டெலிஷியஸ் எனப் பெயரிட்டுப் பரப்பினர். அப்பண்ணையிலிருந்துதான் 1916இல் ஸ்டோக்ஸ் கன்றுகளைக் கொணர்ந்து பாரோபாக்கில் நட்டார். வேண்டாத செடியென இருமுறை வெட்டுண்ட மரத்தின் வழித்தோன்றல்கள் கடல் கடந்து வந்து இமயமலையில் வேர்கொண்டன.

ஆப்பிள் மரத்தின் இயல்பைப் பற்றிச் சிறிது கூறுதல் இங்குப் பொருந்தும். அது குளிரை வேண்டும் மரம். குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரமேனும் வெப்பம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் டெலிஷியஸ் வகையின் அரும்புகள் வசந்தத்தில் ஒழுங்காக விழித்தெழும். மேலும், விதையிலிருந்து முளைக்கும் ஆப்பிள் தாய்மரத்தின் பழத்தைத் தராது. மாமரம்போல ஒட்டுக் கட்டியே அதனைப் பெருக்க வேண்டும். மலையில் வளரும் காட்டு ஆப்பிளின் கன்றை அடிச்செடியாகக் கொண்டு, நல்ல வகையின் குச்சியை அதன்மேல் பொருத்திக் கட்டுவர். மண்ணோடு போராடும் வேர் உள்ளூர்ச் செடியினுடையது. பழம் வந்த செடியினுடையது. இரண்டும் ஒன்றோடொன்று கூடிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். மரம் எத்துணை முதிர்ந்தாலும் தோட்டக்காரர் அத்தழும்பைக் காட்டிவிடுவார். மரத்துக்கு அதனால் குறைவொன்றும் இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. டெலிஷியஸ் மரம் தன் மகரந்தத்தால் தானே நன்கு காய்ப்பதில்லை. வேறு வகை மரம் அருகே நிற்க வேண்டும். தேனீக்கள் இடையே பறக்க வேண்டும். அதற்கு உகந்த துணை கோல்டன் டெலிஷியஸ் என்னும் பொன்னிற வகை. ஸ்டோக்ஸின் தாயார் 1921ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக மகனுக்கு அனுப்பியவை அவ்வகைக் கன்றுகளே. அக்கிறிஸ்துமஸ் நாளன்று மகன் இருந்த இடமோ இலாகூர்ச் சிறை.

சுமையும் சிறையும்

அவர் சிறை சென்றமைக்குக் காரணம் அறிய, மலைநாட்டின் பேகார் முறையை அறிதல் வேண்டும். பேகார் என்பது கட்டாய உழைப்பு. அரசு அதிகாரி மலைவழியே பயணம் செய்தாலும், வேட்டைக்கு வெள்ளையர் வந்தாலும், அவர்தம் கூடாரம், கட்டில், பெட்டி, உணவுப்பொருள் அனைத்தையும் ஊரார் சுமந்து செல்ல வேண்டும். அதற்குக் கூலி பெயரளவுக்கு இருந்தது, இல்லாமலும் போனது. கதிர் முற்றி நிற்கும் நாளாயினும், வீட்டில் நோயாளி கிடப்பினும், ஆணை வந்தால் வயலை விட்டு ஓட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் என்னும் கணக்கு. சுமப்பவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்பதே அதன் சாரம்.

இம்முறையின் மேல்முனையில் இருந்தது சிம்லா. 1864 முதல் இந்தியப் பேரரசின் கோடைத் தலைநகர் அது. ஆண்டுதோறும் கோடையில் அரசாங்கமே மலையேறிற்று. கோப்புப் பெட்டிகள் ஏறின; எழுத்தர்கள் ஏறினர். அவ்வெழுத்தர்களுள் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நம் முன்னோரும் இருந்தனர். அவர்கள் கொடியவர் அல்லர். மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிய எளியவர்களே. ஆயினும் அவர்கள் படியெடுத்த ஆணைகள் சில கீழே இறங்கிச் சென்று எவனோ ஒரு மலைக்குடியானவன் முதுகில் சுமையாக அமர்ந்தன என்பதை எழுதுகோல் பிடிக்கும் நாம் நினைத்துப் பார்த்தல் தகும்.

ஸ்டோக்ஸ் தொடக்கத்தில் ஆங்கில அரசின் பகைவராயிருந்தவர் அல்லர். முதல் உலகப் போரின்போது அரசுக்காகப் படைக்கு ஆள்சேர்க்கும் பணியையும் செய்தவர். 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை அவருடைய நம்பிக்கையை முறித்தது. அதன்பின் பேகார் ஒழிப்பைத் தம் கடமையாகக் கொண்டார். முறையீடுகள் எழுதினார், ஊர்ப் பெரியோரைக் கூட்டினார், வன்முறைக்கு இடந்தராமல், சுமக்க மறுப்பது ஒன்றே வழியென மக்களோடு முடிவு செய்தார். கோட்கர் மக்கள் உறுதியாக நின்றனர். 1921இல் அப்பகுதியில் பேகார் ஒழிந்தது. காந்தியடிகள் தம் யங் இந்தியா இதழில் இப்போராட்டத்தைப் பாராட்டி எழுதினார்.

1920இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டில் ஸ்டோக்ஸ் கோட்கரின் பேராளராகக் கலந்துகொண்டார். கதராடை பூண்டார். 1921 அக்டோபரில், அந்நிய அரசின் படையிலும் பணியிலும் இருந்து விலகுவது இந்தியரின் கடமையென அறிவித்த புகழ்பெற்ற அறிக்கையில் காந்தியடிகள், மோதிலால் நேரு, நம் இராஜாஜி முதலியோரோடு இவரும் ஒப்பமிட்டார். அவ்வறிக்கையில் ஒப்பமிட்டோருள் அமெரிக்கர் இவர் ஒருவரே. அவ்வாண்டிலேயே அவருடைய எழுத்துகள் சென்னையில் நூலாக வெளிவந்தன என்பதும் தமிழன்பர்கள் அறியத்தக்கது.

1921 டிசம்பர் 3ஆம் நாள் இலாகூர் செல்லும் வழியில் வாகாவில் அவர் தளைப்படுத்தப்பட்டார். அரசுக்கு எதிராக வெறுப்பை வளர்த்தார் என்பது குற்றச்சாட்டு. ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. தோலின் நிறத்தால் அவருக்கு எந்நாளும் திறந்திருந்த ஒரு கதவு அன்று மூடிக்கொண்டது. இதுவே நாம் முன்னர்ச் சொன்ன விலை. கோட்கர் மக்கள் அவரைத் தம்மவர் எனக் கொண்டது பழத்தை உண்டபின் அன்று. பழம் விற்பனைக்கு வரும் முன்னரே, அவர் தம் முதுகை அவர்கள் முதுகோடு சேர்த்து வைத்த அந்நாளில் என்று சொல்லுதல் பொருந்தும்.

விளைந்த பழமும் விதைத்த பள்ளியும்

1916இல் நட்ட மரங்களின் பழம் விற்பனைக்கு வந்தது 1926இல். இடையே பத்தாண்டுகள். மரம் வளரும் காலத்தில் தோட்டக்காரனுக்கு ஓய்வில்லை. குளிர்காலத்தில் கவாத்து செய்ய வேண்டும். மரத்தைச் சுற்றி வட்டமாக மண்ணைக் கொத்தி எருவிட வேண்டும். பூக்கும் பருவத்தில் ஆலங்கட்டி மழை பெய்தால் ஓராண்டு உழைப்பு ஒரு நாழிகையில் உதிர்ந்துவிடும்.

ஊரார் உடனே அவரைப் பின்பற்றவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தானியம் விளையும் சிறு வயலில் மரத்தை வைத்துவிட்டு எட்டாண்டு எதை உண்பது? பழம் விளைந்தாலும் வாங்குபவர் யார்? ஸ்டோக்ஸ் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தார். ஒட்டுக் கட்டவும் கவாத்து செய்யவும் கற்பித்தார். விளைந்த பழத்தை விற்றுத் தரும் பொறுப்பையும் தாமே ஏற்றார். முதலில் துணிந்தோர் சிலர். அவர்கள் கையில் பணம் புழங்கக் கண்டபின் துணிந்தோர் பலர். நன்கறிந்த தொழில் நுணுக்கத்தைத் தமக்குள் மறைத்து வைத்திருந்தால் அவர் ஒருவரே அம்மலையின் பெருஞ்செல்வராகியிருக்கலாம். பலர் கைக்கு அது சென்றதனாலேயே ஒரு தோட்டம் ஒரு நாட்டின் தொழிலாயிற்று.

அவருடைய மைந்தன் தாரா இளம் பருவத்திலேயே நோயுற்று மறைந்தான். அத்துயரின் நினைவாக அவர் எழுப்பியது நினைவுக்கல் அன்று, பள்ளிக்கூடம். 1924இல் தாரா பள்ளி தொடங்கப்பட்டது. தம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒருங்கே கற்கும் இடமாக அது விளங்கியது.

1932இல் அவர் குடும்பத்தோடு இந்து சமயத்தைத் தழுவிச் சத்யானந்தர் ஆனார். துணைவியார் பிரியாதேவி ஆனார். கீதையிலும் உபநிடதங்களிலும் அவர் நெடுநாள் தோய்ந்திருந்தவர். சமய மாற்றம் பற்றி ஒவ்வொருவர் கருத்தும் வேறுபடலாம். அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. 1937இல் தானேதாரில் பரமஜோதி மந்திர் என்னும் கோயிலை அவர் எழுப்பினார். அதன் மரச்சுவர்களில் கீதை, உபநிடத வாசகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1946 மே 14ஆம் நாள் அவர் மறைந்தார். நாடு விடுதலை பெற இன்னும் ஓராண்டும் மூன்று மாதமும் இருந்தன. அவருடைய மருமகள் வித்யா ஸ்டோக்ஸ் பின்னாளில் இமாசலச் சட்டப்பேரவையின் தலைவராகவும் அமைச்சராகவும் பணியாற்றினார்.

இன்றைய தோட்டங்கள்

இமாசலத்தில் பழமரங்கள் நிற்கும் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி இன்று ஆப்பிளுக்குரியது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பெட்டிகள் மலையிறங்குகின்றன. தலைநகரின் ஆஸாத்பூர் சந்தையில் ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் அப்பெட்டிகள் அடுக்கடுக்காக இறங்கும். நம் ஊர்களில் நோயாளியைக் காணச் செல்வோர் வாங்கிச் செல்லும் பழம் அது. வட்டிக்கடைக்கு நிலத்தை இழந்த குடியானவரின் பேரப்பிள்ளைகள் இப்போது நாடெங்கும் கல்லூரிகளில் பயில்கின்றனர்.

எனினும் பழத்தின் வரலாறு நன்மை மட்டும் நிறைந்ததன்று. ஒரே பயிரை நம்பியவர்களை ஒரே நோய் வீழ்த்தும். 1982, 1983 ஆண்டுகளில் பரவிய சொறிநோய் இமாசலத் தோட்டங்களைப் பெரிதும் வாட்டியது. குளிர்காலங்கள் வெப்பமுற்று வருவதனால், தாழ்ந்த சரிவுகளில் மரங்கள் முன்போல் காய்ப்பதில்லை. ஆப்பிள் மேலும் மேலும் உயர்ந்த இடங்களை நாடிக் கின்னௌர், லாகௌல் பகுதிகளுக்கு ஏறுகின்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள்கள் நம் சந்தைகளில் இறங்கி இமாசலப் பழத்தோடு போட்டியிடுகின்றன. 2019இல் அவற்றின்மீது இந்திய அரசு கூடுதலாக 20 விழுக்காடு வரி விதித்ததும், 2023இல் அதனை நீக்கியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. ஸ்டோக்ஸ் கொணர்ந்த மரத்தின் உறவினரே இன்று அவர் ஊராருக்குப் போட்டியாளர் ஆயினர்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. அறுவடைக் காலத்தில் சரிவுகளில் பழப்பெட்டிகளை முதுகில் சுமந்து சாலை வரை கொண்டுவருவோருள் மிகுதியானவர் நேபாளத்திலிருந்து வரும் தொழிலாளர். பேகார்போல அது கட்டாயமன்று, கூலி உண்டு, விரும்பினால் விலகலாம். அவ்வேறுபாடு சிறிதன்று, ஒரு தலைமுறை போராடிப் பெற்ற வேறுபாடு அது. ஆயினும் சுமை மலையை விட்டு நீங்கவில்லை; ஒரு முதுகிலிருந்து மற்றொரு முதுகுக்கு மாறியிருக்கின்றது. புதிதாக வந்து சுமப்பவரின் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா, நோயுற்றால் மருந்து உண்டா என்பதே ஸ்டோக்ஸின் ஊர் இன்று எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா.

இன்னுமொரு முரண். வேளாண்குடியினர் அல்லாத எவரும் அரசின் அனுமதியின்றி இமாசலத்தில் நிலம் வாங்க இயலாது என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். மலைக்குடியானவரின் சிறு நிலங்களைப் பணம் படைத்தோர் வாங்கிக் குவிக்காமலிருக்க இயற்றப்பட்ட நல்ல சட்டமே அது. இன்று ஸ்டோக்ஸ் போன்ற ஓர் இளைஞர் வந்தால் பாரோபாக்கை எளிதில் வாங்கியிருக்க முடியாது. இச்சட்டத்தைக் குறைகூறும் வெளியூரார், அதனை வேண்டச் செய்தவர்கள் தம்மைப் போன்ற வெளியூராருள் சிலரே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தவர் அனைவரும் ஸ்டோக்ஸ் போல் இருந்திருப்பின் அச்சட்டத்துக்குத் தேவையே எழுந்திராது.

நமக்கு எஞ்சும் எண்ணம்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். ஓர் ஊர் எப்போது நம் ஊராகின்றது? ஸ்டோக்ஸின் வாழ்வு தரும் விடை இரு பகுதி கொண்டது. அவ்வூராரின் துன்பத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஏற்கும் நாளில் அது தொடங்குகின்றது. நாம் உண்ணாத பழத்தை உண்ணப் போகும் பிறர் பிள்ளைகளுக்காக ஏதேனும் நட்டு வைக்கும்போது அது நிறைவெய்துகின்றது. ஆண்டுக் கணக்கு இதில் பெரிதன்று.

வடபுலத் தமிழரும் இதனை அறியாதவர் அல்லர். தென்னிந்தியக் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்காக 1920களில் தொடங்கிய சிறு பள்ளியே பின்னர்த் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாகப் பெருகியது. இன்று அப்பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு வேற்றுமொழிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கின்றனர். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அதனைத் தொடங்கியவர்களுள் பெரும்பாலார் பெயரை இன்று நாம் அறியோம். அவர்கள் நட்டதும் ஒரு தோட்டமே.

தழும்பு இருக்கும். நம் பேச்சில், நம் சமையலில், நம் பெயரில் அது தெரிந்துகொண்டே இருக்கும். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஒட்டு மரத்தின் தழும்பைக் கண்டு பழத்தை மறுத்தவர் எவரும் இலர். அடுத்த முறை பழக்கடையில் சிம்லா ஆப்பிள் வாங்கும்போது, அதனைத் தந்த கோட்கர் மலையையும், அங்கு வந்து ஊராருள் ஒருவரான அப்பழத்தோட்டக்காரரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். நாம் வாழும் தெருவில் நாம் எதை நட்டிருக்கின்றோம் என்று அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்பார்களாயின், அக்கேள்விக்கு விடை கூறும் கடமை நம்முடையது.